போகிற வண்டியா, வருகிற வண்டியா

நாற்காலி வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் என்ன விசேஷம் என்று நாமாக வாயைத் திறந்து கேட்கக் கூடாது. எங்கள் பக்கத்துக் கிடங்கில் இது சட்டம். தொழில் தொடங்கிய புதிதில் நாற்காலிக்காரர், கேட்டு வந்த ஒருவரிடம் பல்லெல்லாம் தெரிய, "என்ன சார், வீட்ல கல்யாணமா?" என்று கேட்டுவிட்டார். வந்தவர் அப்படியே கிடங்கு வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டாராம். அன்றிலிருந்து அவர் கேட்பதில்லை. கேட்காமலே கண்டுபிடித்துவிடுவார்.

வந்து நின்று ஒவ்வொரு நாற்காலியாக ஆட்டிப் பார்த்து, உறை வெள்ளையா நீலமா என்று கூட வந்த மனைவியோடு சண்டை போட்டு, கடைசியில் வாடகையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லி உயிரை எடுப்பவர் கல்யாண வீட்டுக்காரர். "உடனே வேணும், எத்தனை இருக்கோ அத்தனையும் அனுப்புங்க" என்று சொல்லி, விலையைக் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர் துக்க வீட்டுக்காரர். நாற்காலியையே பார்க்காமல் மேடை அலங்காரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறவர் தேர்தலில் நிற்கப் போகிறவர். அவரிடம் வாடகையை முதலிலேயே வாங்கிவிட வேண்டும்.

"பேரம் பேசாதவனுக்கு அவசரம். அவசரப்படுறவனுக்கு நமக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு தெரியும்" என்று அவர் அடிக்கடி சொல்வார். அதைச் சொல்லும்போது மீசையைத் தடவிக்கொள்வார். அந்த மீசைதான் எனக்குப் பிடிக்காது.

நான் தையல்காரி. என் கடைக்கும் அவர்கள் கிடங்குக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு, அவ்வளவுதான். என் மிஷின் ஓடினால் அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. நின்றால் கேட்கும். முக்கியமான பேச்சு வருகிற நேரமாகப் பார்த்து எனக்கு நூல் அறுந்துபோகும். அதற்கு நான் என்ன செய்ய?

கிடங்கில் பாதி வேலை அக்காவுடையது. நாற்காலிக்காரரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரை விட நான்கு வயது மூத்தவள் நான் என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வண்டி வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் வாசலில் நின்று எண்ணுவது அவர்தான். திரும்பி வந்த நாற்காலிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்து, காய்ந்ததும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவார். பிளாஸ்டிக் நாற்காலிதானே என்று நினைக்கக் கூடாது. பாயசம் கொட்டினது, பான் துப்பினது, குழந்தை ஒன்றுக்குப் போனது, யாரோ ஒரு புண்ணியவான் பேனாவால் தன் பெயரையும் ஒரு பெண்ணின் பெயரையும் எழுதி வைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாகத் தேய்க்க வேண்டும். தேய்த்துக்கொண்டே காலை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். மயிரிழை விரிசல் இருந்தாலும் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். உடனே சுத்தியலை எடுத்து ஒரே போடு. இருக்கை இரண்டாகப் பிளந்துவிடும்.

"ஏம்மா, இன்னும் ரெண்டு விசேஷத்துக்குத் தாங்கியிருக்கும்" என்று அவர் பதறுவார்.

"தாங்கும். மூணாவதுல?"

"அடியில வெச்சு அனுப்பினா அது வரைக்கும் எடுக்கவே மாட்டாங்க."

"கடைசியா வர்றவருக்கு அதுதானே கிடைக்கும்? அவர் உட்காருவாருல்ல?"

இந்தப் பேச்சு அவர்களுக்குள் எத்தனை முறை நடந்திருக்கும் என்று கணக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் பேச்சு முடிவதற்குள் நாற்காலி உடைந்திருக்கும்.

அந்த மழைக்காலத்தில் அவர்களுக்கு வந்த கவலை கிடங்கைப் பற்றியது. கிடங்கு வாடகை இடம். இடத்துச் சொந்தக்காரர் வயதானவர், வெளிநாட்டிலிருக்கும் மகனோடு போய்த் தங்கப் போகிறார். விற்றுவிட்டுப் போவதாக முடிவு. "வேற ஆளும் கேக்கறாங்க. ஆனா முதல் பேச்சு உங்களுக்குத்தான். மழை முடியறதுக்குள்ள முன்பணம் குடுத்துட்டா இடம் உங்களுது. மிச்சத்துக்கு பேங்க் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர் வைத்த தவணையும் தவணைதானே.

முன்பணத்துக்கு இவர்களிடம் முக்கால் பங்கு இருந்தது. மீதிக் கால் பங்குக்கு வழி இல்லை. மழையில் எவன் விசேஷம் வைப்பான்? இடம் கைவிட்டுப் போனால் லாரி நுழையக்கூடிய கிடங்கு எங்கள் தெருவில் வேறு கிடையாது. ஊருக்கு வெளியே எங்கேயாவது போய் உட்கார்ந்தால் நாற்காலி கேட்டு யார் தேடி வருவார்கள்? அக்கா இதையெல்லாம் சத்தமாகச் சொல்ல மாட்டார். தேய்க்கிற பிரஷ் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும்.

இந்த நேரத்தில்தான் எதிர்க்கடை சிக்னல் ஒரு வித்தையைச் சொல்லிக் கொடுத்தான். கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். நல்ல பையன், கொஞ்சம் துள்ளல். பங்குச் சந்தையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "சிக்னல் வந்துடுச்சு, சிக்னல் வந்துடுச்சு" என்பான், அதுவே பெயராகிவிட்டது. மாதச் சந்தா கட்டி ஓர் ஆப் வைத்திருந்தான். ஒருநாள் சாயங்காலம் கிடங்கு வாசலில் டீயை வைத்துக்கொண்டு விளக்கினான். எனக்கு அன்றைக்கும் நூல் அறுந்தது.

"அண்ணே, ஒரு கம்பெனியோட பங்கு ஏறும்னு உங்களுக்குத் தோணுதுன்னு வைங்க. பங்கையே வாங்கணும்னு அவசியம் இல்ல. இந்தத் தேதிக்குள்ள இந்த விலைக்கு வாங்கிக்கற உரிமையை மட்டும் வாங்கலாம். அதுக்குப் பேருதான் கால் ஆப்ஷன். சின்னக் காசுதான். ஏறிச்சுன்னா அந்த உரிமையோட மதிப்பு எங்கேயோ போயிடும்."

"ஏறலைன்னா?"

"தேதி முடிஞ்சதும் குப்பை."

"முன்பதிவு மாதிரி. விசேஷம் நின்னுபோனா அட்வான்ஸ் போச்சு."

"அதேதாண்ணே! இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஒரு சின்ன கம்பெனி. அதுல தினமும் பத்தோ இருபதோதான் கை மாறும். ஏற்கெனவே எல்லார் கையிலயும் சேர்த்து இருக்கறதே கொஞ்சம்தான். திடீர்னு ஒருநாள் அதை விடப் பல மடங்கு கை மாறுது. என்ன அர்த்தம்?"

"யாரோ மொத்தமா கேக்கறான்."

"தேதியும் ரொம்பக் கிட்ட. சொன்ன விலைக்குப் பேசாம வாங்கறான்."

நாற்காலிக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "துக்க வீடு" என்றார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லடா. புரிஞ்சுபோச்சு."

அவ்வளவு சீக்கிரம் புரிந்ததுதான் வினை. சிக்னல் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதை இவர் வாசலில் நின்றே கற்றுவிட்டதாக நினைத்தார். அதே ஆப்பைத் தன் கைபேசியிலும் போட்டுக்கொண்டார். முதலில் விளையாட்டுப்போல ஒரு சோப்புக் கம்பெனியில் கொஞ்சம் போட்டார், வந்தது. பிறகு ஒரு மருந்துக் கம்பெனி, அதிலும் வந்தது. அந்தக் காசில் அக்காவுக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற மோட்டார் ஒன்று வாங்கி வந்தார். அதை முதன்முதலாக ஓடவிட்ட அன்று அக்கா சின்னப் பிள்ளை மாதிரி சுவரை எல்லாம் கழுவினார். என் தகரத்தையும் கழுவினார், துணியெல்லாம் நனைந்தது, நான் கத்தினேன், அவர் சிரித்தார்.

ஆகவே இதை அவர் மனைவிக்குத் தெரியாமல் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாம் தெரிந்துதான் நடந்தது.

"யாருன்னே தெரியாத ஆளுங்க. அவன் பின்னாடியே போறதா?" என்று அக்கா கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஆள் யாருன்னு தெரிய வேணாம்மா. வாசல்ல எத்தனை வண்டி நிக்குதுன்னு தெரிஞ்சா போதும். உள்ள என்ன நடக்கப் போகுதுன்னு சொல்லிடலாம்."

பிறகு மழை பிடித்துக்கொண்டது. நாளெல்லாம் தூறல், நடுநடுவே ஒரு கொட்டு. தெருவில் தண்ணீர் ஓடியது. சிக்னல் கடையைச் சாத்திவிட்டு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தான். அவன் மனைவிக்கு அங்கேதான் பிரசவம். கிடங்கில் நாற்காலிகள் கூரை வரை அடுக்கி நின்றன. நாற்காலிக்காரர் அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் அவர் சடாரென்று எழுந்து நின்றது தடுப்பு வழியாகவே எனக்குத் தெரிந்தது. நாற்காலி விழுந்த சத்தம்.

"ஏம்மா, இங்க வா. பெயின்ட் கம்பெனி ஒண்ணு. இந்த வாரத்தோட தேதி முடியுது. வழக்கமா ஈ ஓட்டற எடம். இன்னிக்கு ஆயிரக்கணக்குல ஓடுது."

"அதுக்கு?"

"எவனோ பெரிய கை. பெரிய விஷயம் எதையோ தெரிஞ்சு வெச்சிருக்கான். நமக்குக் குறையற பங்கு வந்துடும்மா. அதுக்கு மேலயும் வரும்."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது; அக்கா இறக்கி வடித்தார். முட்டையை உடைத்து ஊற்றினார். தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டு முடிக்கிற வரை இருவரும் பேசவில்லை. இது அவர்கள் வீட்டு வழக்கம், முக்கியமான முடிவை வெறும் வயிற்றோடு எடுக்க மாட்டார்கள். கை கழுவிவிட்டுத்தான் அக்கா கேட்டார்.

"அந்தக் கிழவர் தவணை தள்ளிப் போடுவாரா?"

"கேட்டாச்சு. டிக்கெட் எடுத்துட்டாரு."

"சரி. பாதி போடுங்க. பாதிக்கு மேல ஒரு காசு கிடையாது."

அவர் பாதிதான் போட்டார். அந்த விஷயத்தில் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மனிதர். ஆனால் அவசரத்தில், ஆசையில், ஒன்றை யோசிக்க மறந்துவிட்டார். என்ன மறந்தார் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது, அதுவும் என் வாயால்.

அந்த மழையிலும் ஓர் ஆர்டர் முன்பே போயிருந்தது, ஏதோ பள்ளிக்கூடத்து விழா. மறுநாள் காலை தார்ப்பாய் போர்த்திய லாரி கிடங்கு வாசலில் நின்றிருந்தது. நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். லாரி நிறைய நாற்காலியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அக்கா! இந்த மழையிலயும் இவ்வளவு பெரிய ஆர்டரா? யாரு வீட்டு விசேஷம்? போகட்டும், போகட்டும்!"

"நீ ஒருத்தி! காலங்காத்தால கண்ணு தெரியலையா? போகல, வருது. நேத்தே முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொண்டே அக்கா எண்ண ஆரம்பித்தார்.

அவருக்குப் பின்னால் நாற்காலிக்காரர் கைபேசியும் கையுமாக நின்றிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. லாரியைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், மறுபடியும் லாரியைப் பார்த்தார். பிறகு இறக்கி வைத்த நாற்காலி ஒன்றில், அது நனைந்திருந்ததைக் கூடக் கவனிக்காமல், உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க?"

"போகல, வந்திருக்கு."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"லாரி இல்லம்மா. அந்தப் பெயின்ட் கம்பெனி. ஆயிரக்கணக்குல கை மாறிச்சுன்னுதான் ஆப்புல போட்டிருந்தான். வாங்கினான்னு அவன் சொல்லல. நானா நெனச்சுக்கிட்டேன். எல்லார் கையிலயும் சேர்த்து மொத்தம் எவ்வளவு இருக்குன்னு ஒரு கணக்கு இருக்கு, அது மறுநாள் காலையிலதான் காட்டுவான். புதுசா வாங்கியிருந்தா அது ஏறியிருக்கணும். இறங்கியிருக்கு. அடியோட இறங்கியிருக்கு. வெச்சிருந்தவங்க எல்லாம் கணக்கை முடிச்சுக்கிட்டு வெளியே போயிட்டாங்க. விசேஷம் முடிஞ்சு நாற்காலியத் திருப்பி அனுப்பியிருக்காங்க. நான் வாசல்ல வண்டி கூட்டத்தைப் பார்த்துட்டு, இப்பத்தான் விசேஷம் ஆரம்பிக்குதுன்னு உள்ள போய் உட்கார்ந்துட்டேன்."

முப்பது வருஷமாக வாசலில் வண்டி பார்க்கிற மனிதர். இந்தத் தப்பை வேறு யார் செய்திருந்தாலும் எனக்கு இவ்வளவு வருத்தம் வந்திருக்காது.

அக்கா எண்ணிக்கையை விடவில்லை. கடைசி நாற்காலி இறங்குகிற வரை வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். லாரி போன பிறகுதான் கேட்டார்.

"இப்பவே வித்துட்டா?"

"விலை இறங்கிடுச்சு. முக்காவாசியாவது தேறும், வாங்க ஆள் இருந்தா. ஆனா ஆள் எங்க? எல்லாரும்தான் வீட்டுக்குப் போயிட்டாங்களே."

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவர் விற்றுப் பார்த்தார். ஒரு விலை சொல்லி வைப்பார். ஒன்றிரண்டு போகும், நிற்கும். விலையைக் குறைப்பார், இன்னும் கொஞ்சம் போகும். மீதி அப்படியே கிடக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய், ஆறினதைச் சூடாக்கித் திரும்பக் கொண்டுவந்து வைப்பார். திட்டவே இல்லை. திட்டினால் கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது. நானாக இருந்தால் அந்த மீசையில் ஒரு பக்கத்தைப் பிடுங்கியிருப்பேன்.

ஒருநாள் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார் அக்கா. கையில் கிழிந்த நாற்காலி உறை ஒன்று.

"இதை ஒரு தையல் போட்டுக் குடு."

"குடுக்கறேன். அவர் மேல கோபமே வரலையா உனக்கு?"

"வருது. வந்து என்ன பண்ண? பாதி போடுங்கன்னு சொன்னது நான். ஆசை அவருக்கு மட்டுமா இருந்துச்சு?" என்றார். உறையை என் மிஷின் மேல் வைத்தார். "அந்த இடம் நம்மளுதுன்னு ஆயிட்டா, பின்பக்கம் ஒரு கொட்டகை போட்டு, மழையிலயும் நாற்காலி காய வைக்கலாம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எந்த மூலையில கம்பம் நடறதுன்னு கூடப் பார்த்து வெச்சிருந்தேன்" என்றார்.

உறையை இரண்டு தையல் சேர்த்துப் போட்டுக் கொடுத்தேன்.

தேதி முடிவதற்கு முந்தின நாள் காலையில் மழை விட்டிருந்தது. எதிரே சிக்னல் கடையின் ஷட்டர் தடதடவென்று மேலே போனது. பெண் குழந்தை. தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்துக்கொண்டே வந்தான். எனக்கு இரண்டு கொடுத்தான். அக்காவிடம், "அண்ணி, மூக்கு மட்டும் என்னை மாதிரி. மத்ததெல்லாம் அழகா இருக்கு" என்றான். நாற்காலிக்காரரும் சிரித்து, அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். பெயின்ட் கம்பெனியைப் பற்றி வாயே திறக்கவில்லை. குழந்தை பிறந்த சந்தோஷத்தில் இருப்பவனிடம் எதற்கு அந்தப் பேச்சு என்று விட்டிருப்பார். கொஞ்சம் வெட்கமும் இருந்திருக்கும்.

வெயில் வந்ததால் இருவரும் அந்தப் பள்ளிக்கூடத்து நாற்காலிகளைக் கழுவ உட்கார்ந்தார்கள். அதற்கு முன்னால் அவர் காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விற்றதுபோக, மீதியை எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குச் சொல்லி வைத்துவிட்டு வந்திருந்தார். வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்ற கணக்கு. கைபேசியை ஒரு நாற்காலி மேல் வைத்திருந்தார். அது அடித்தது. கை முழுக்கச் சோப்பு, அதனால் முழங்கையால் தட்டி ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணே!" சிக்னலின் குரல். ரகசியம் பேசுகிறானாம்; எனக்கே கேட்டது. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவன் தன் கடைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றிருந்தான். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. சிக்னல் வந்துடுச்சு. ஒரு பெயின்ட் கம்பெனி."

நாற்காலிக்காரர் பிரஷை வைத்துவிட்டார்.

"தேதி நாளைக்கு முடியுதுண்ணே. மொத்தமா எல்லார் கையிலயும் இருக்கறதே கொஞ்சம்தான், ஆனா காலையிலேர்ந்து அதுல பாதி கை மாறியிருக்கு! எவனோ பெரிய கை உள்ள பூந்திருக்கான். கடைசி நேரத்துல வர்றான்னா ஏதோ தெரியாமலா வருவான்? இப்பக்கூட ஒரு ஆள் மொத்தமா விலை சொல்லிக்கிட்டு நிக்கறான். பைத்தியக்காரன், விஷயம் தெரியாம விக்கறான் போல. அப்படியே அள்ளிடலாம்னு இருக்கேன். பேரமே பேசப் போறதில்ல."

"எவ்வளவு போடப் போற?"

"ஆஸ்பத்திரிக்குக் கட்டினது போகக் கையில இருக்கறது எல்லாம். பாப்பாவுக்குன்னு மாமனார் குடுத்ததும் இருக்கு. பாப்பா பிறந்த நேரம்ணே! நீங்களும் கொஞ்சம் போடுங்க, அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

என் மிஷினை நான் எப்போது நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியாது.

நாற்காலிக்காரர் ஈரக் கையாலேயே கைபேசியை எடுத்து உள்ளங்கையால் மூடினார். அக்காவைப் பார்த்தார். மிக மெதுவாகத்தான் பேசினார்.

"அவன் சொல்ற பெரிய கை நான்தான். காலையிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வித்தது நான். மொத்தமா விலை சொல்லிக்கிட்டு நிக்கறதும் நான். மத்தவங்க எல்லாம் போயிட்டதால இருக்கறதே கொஞ்சம், அதனால நான் வித்ததே அவன் ஆப்புல கூட்டமா தெரியுது."

அக்கா பிரஷைக் கீழே வைத்தார்.

"அவன் இப்ப வாங்கினா நம்ம காசுல பெரும்பங்கு வந்துடும். பழைய கால் பங்கோட இன்னும் கொஞ்சம்தான் குறையும், கிழவர்கிட்டப் பேசிக்கலாம். யாரு வித்தா, யாரு வாங்கினான்னு யாருக்கும் தெரியாது. சந்தையில இதுதான் வழக்கம். என் தலையில எவனோ கட்டலையா? நாம ஒரு பொய்யும் சொல்லலையேம்மா. சும்மா இருந்தாலே போதும்."

நியாயமான பேச்சுதான். சும்மா இருந்தாலே போதும் என்பது உண்மையும் கூட. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கு வரை யோசித்துப் பார்க்கிறேன், யோசனை முடிவதில்லை.

அக்கா தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார். வாசலுக்கு வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டி நின்றவனைப் பார்த்தார். பிறகு கிடங்கின் பின்பக்க மூலையை ஒரு தடவை பார்த்தார்.

"ஏங்க, அதுல அவன்தானே உட்காரப் போறான்" என்றார்.

பிரஷை எடுத்து விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.

நாற்காலிக்காரர் உள்ளங்கையை எடுத்தார். "டேய், இருக்கியா?"

"இருக்கேண்ணே. சீக்கிரம் சொல்லுங்க, போட்டுடப் போறேன்."

"போடாத."

"ஏண்ணே?"

"அது நான்."

"எது நீங்க?"

"நீ பார்த்த பெரிய கை. கடைசி நேரத்துல வந்த ஆளு. அது நான்தான்டா."

எதிர்க்கடையில் அந்த முதுகு மெல்லத் திரும்பியது. இருவரும் தெருவின் இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காதில் கைபேசியோடுதான்.

"அப்போ விஷயம் தெரிஞ்சவன்?" என்று சிக்னல் கேட்டான். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது. இங்க நாற்காலி கழுவிக்கிட்டிருக்கான்."

சொல்லிவிட்டுச் சோப்பு நுரை வழிகிற கையை உயர்த்தி, நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதுபோல ஆட்டிக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. தைத்துக்கொண்டிருந்த சட்டையில் கையை எதிர்ப்பக்கம் வைத்துத் தைத்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

மறுநாள் தேதி முடிந்தது. மீதி எல்லாம் குப்பையானது. பெயின்ட் கம்பெனிக்கு நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை. சிக்னல் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தான். மூன்றாம் நாள் கிடங்குக்கு வந்து, "முதல்லயே ஏண்ணே சொல்லல?" என்று மட்டும் கேட்டான். "மிட்டாய் குடுத்துக்கிட்டிருந்தியே" என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கிழவர் வருத்தப்பட்டார், அவருக்கும் வேறு வழியில்லை. கிடங்கு கை மாறியது. ஊருக்கு வெளியே, பேருந்து கடைசியாகத் திரும்புகிற இடத்தில், இதில் பாதிகூட இல்லாத ஒரு கொட்டகை இவர்களுக்குக் கிடைத்தது.

காலி செய்த அன்று நல்ல வெயில். காலையிலிருந்து லாரி நிறைந்து நிறைந்து போனது. சிக்னல் கடையைச் சாத்திவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலி தூக்கினான். அக்கா வழக்கம்போல வாசலில் நின்று எண்ணினார். ஒன்றில் விரிசல் கண்டு வண்டியை நிறுத்தி, சுத்தியலை எங்கே கட்டி வைத்தோம் என்று தேடி எடுத்து, உடைத்துவிட்டுத்தான் மறுபடி எண்ணினார். "போற இடத்துலயே போய் உடைக்கக் கூடாதா?" என்று நாற்காலிக்காரர் கேட்டார். "வழியில டிரைவர் எடுத்துப் போட்டு உட்கார்ந்தா?" என்றார் அக்கா.

சட்டை அளவு கொடுக்க வந்த ஓர் அம்மா என் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நாங்கள் இருக்கிற தெருவுக்குப் புதியவள்.

"ஏங்க, இத்தனை வண்டி! பெரிய இடத்துக் கல்யாணமா?"

"அதைக் கேக்கக் கூடாதும்மா" என்றேன்.

"இல்ல, திரும்பி வருதா, இல்ல போகுதா?"

நான் இஞ்ச் டேப்பை அவள் தோளில் வைத்தேன். எண் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வெளியே அக்கா சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

"போகுது" என்றேன்.